நட்சத்திரக் குறியிட்ட பாடங்கள்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
சரக்கு வண்டி. எண்ணினால்
நாற்பது டேங்கராவது வரும்.
அதற்குள் ஒரு பக்கம் முடித்துவிடலாம்:
நெஃப்ரான், ஹென்லே வளைவு,
எது திரும்ப உள்ளே போகும்,
எது வெளியேறும்.
ஸ்கூட்டி சீட்டின் மேல் புத்தகம்.
பக்கத்தில் நிற்கும் மீன்பாடி வண்டிக்காரர்
"இன்னா பாப்பா, பரீட்சையா?" என்கிறார்.
இருபத்தாறு முடிந்துவிட்டது எனக்கு.
பாப்பா என்றதற்காகவே ஆமாம் என்கிறேன்.

பட்டம் இருக்கிறது என்னிடம். விலங்கியல்.
மூன்று வருடப் படிப்பை
ஐந்து வருடத்தில் முடித்தேன்.
மதிப்பெண் பட்டியலில்
ஏழு பாடங்களுக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம்.
அடியில் பொடி எழுத்தில் விளக்கம்:
முதல் முயற்சியில் தேறாதவை.
மணலி வானத்தில்
இத்தனை நட்சத்திரங்களை ஒருசேர
நான் பார்த்ததே இல்லை.

ஏன் இப்படி ஆச்சு என்பார்கள்.
குடித்த அப்பா, கவிழ்ந்த படகு,
ஏதாவது ஒன்றை எதிர்பார்த்து
முகத்தைச் சாய்த்து வைத்துக்கொள்வார்கள்.
அப்பா நன்றாகத்தான் இருக்கிறார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.
சர்க்கரை மட்டும் கொஞ்சம்.
நான் படிக்கவில்லை.
உயிர்வேதியியல் நடந்த மதியங்களில்
பீச் ஸ்டேஷனில் ஏறி
வேளச்சேரி வரை போய்த் திரும்புவேன்,
ஜன்னல் சீட்டுக்காக.
இதைச் சொன்னதும்
சாய்ந்த முகங்கள் நிமிர்ந்துவிடும்.

பிறகு தண்டையார்பேட்டையில் லேப் வேலை.
கீழே பால் பூத், மேலே நாங்கள்.
விடிகாலையில் வீடு வீடாய்ப் போய்
இரத்தம் எடுப்பேன்.
காசிமேட்டு ஐஸ் கம்பெனி அந்தோணிதாசன்
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:
"மூணு பேர் குத்திப் பாத்துட்டாங்க.
நீயும் உன் பங்குக்குக் குத்து."
கண்ணை மூடி விரல் நுனியால் தேடினேன்.
சுவருக்குள் குழாய் எங்கே ஓடுகிறது
என்று தட்டிப் பார்ப்பதுபோல.
ஒரே குத்து.
டியூபில் ஏறியது
கறுப்புக்குக் கொஞ்சம் முந்திய சிவப்பு.

மாலையில் ரிப்போர்ட்டைத் தந்தபோது
ஒரு எண்ணின் மேல் விரலை வைத்துக் கேட்டார்:
"இது இன்னாம்மா, இவ்ளோ கறுப்பா அடிச்சிருக்கு?"
கிரியாட்டினின். ஒன்பது புள்ளி நாலு.
டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணா, என்றேன்.
அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.
உரிமை இருந்திருந்தாலும்
சொல்லத் தெரிந்திருக்காது.
அதை நடத்திய மதியம்
நான் வேளச்சேரியில் இருந்தேன்.

அன்று ராத்திரி பரணிலிருந்து
பிளஸ் டூ புத்தகங்களை இறக்கினேன்.
முதல் நீட்டில் நூற்று எண்பத்தாறு.
தம்பி அதை வீட்டில் சொல்லவில்லை,
அவனுக்கு இரண்டு பிரியாணி கடன்.
அடுத்த வருஷம் முந்நூற்று நாற்பது.
பெரம்பூர் கோச்சிங் சென்டர்க்காரர்
கேட்காமலே ஃபைலைப் புரட்டி
நட்சத்திரங்களைப் பேனாவால் எண்ணினார்.
"டிகிரியிலேயே இப்படின்னா..."
வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.
பல ராத்திரிகள் நான் முடித்துப் பார்த்திருக்கிறேன்,
வேறு வேறு விதமாக.

மூன்றாவது முறை கூப்பிட்டார்கள்.
சான்றிதழ் சரிபார்ப்பு.
கூடத்தில் பாதி ஃபேன் ஓடவில்லை.
முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு
இன்னும் மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.
வரிசையில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்:
சார், அது ஏன்னா சார்,
அப்ப நான் சரியா...
மேசையில் ஃபைலை வைத்தேன்.
அந்தம்மா ஒவ்வொன்றாய் எடுத்தார்.
பத்தாவது, பன்னிரண்டாவது, சாதிச் சான்றிதழ்.
பட்டப்படிப்புப் பட்டியலை மட்டும்
திறக்காமலே உருவி என் பக்கம் தள்ளினார்.
"இது வேணாம்மா. அடுத்து யாரு?"

அவ்வளவுதான்.
ஐந்து வருடம், ஏழு நட்சத்திரம்,
தயார் செய்து வைத்த மன்னிப்பு,
எதையும் யாரும் கேட்கவில்லை.
சந்தோஷப்பட வேண்டும்தான்.
யாராவது ஒருவர்
திட்டியாவது விட்டிருக்கலாம் போலிருந்தது.

சீட் வருமா தெரியாது.
பட்டியல் வியாழக்கிழமை.
நாளை காலை ஆறு மணிக்கு
அந்தோணிதாசன், வெறும் வயிறு.
பஸ் வருகிறவரைக்கும்
அந்தக் காகிதத்தால்தான்
விசிறிக்கொண்டிருந்தேன்.
நல்ல கெட்டிக் காகிதம்.
காற்று வந்தது.